கர்னல் மாமா

குடியிருப்பில் எங்கள் மாமாவுக்குக் கர்னல் என்று பெயர். புதிதாக வந்த வாட்ச்மேன் இரண்டு மாதம் அவருக்கு விறைப்பாக சல்யூட் அடித்தார். ஒருநாள் கார்கில் பற்றிக்கூடக் கேட்டுவிட்டார். மாமா பட்டாளத்துப் பக்கமே போனதில்லை. கணக்குப் பிரிவில் வவுச்சர் சரிபார்த்தே ஓய்வு பெற்றவர். பட்டம் வந்த வழி வேறு. அவர் கம்ப்யூட்டரில் ஓடுவது உபுண்டு லினக்ஸ். அதன் உயிர்நாடி கெர்னல். அப்டேட்டில் அவ்வப்போது புதுக் கெர்னல் வந்து இறங்கும். ஊரார் பழையதைக் கழித்துவிடுவார்கள். மாமா கழிக்க மாட்டார்.

கழிக்காதவர்கள் தனி ரகம். குக்கர் வந்த அட்டைப்பெட்டி, செத்துப்போன மிக்ஸியின் ஜார் மூடி, எந்தப் பூட்டுக்கென்றே தெரியாத சாவிக்கொத்து எல்லாம் அவர்கள் வீட்டுப் பரணில் இருக்கும். கேட்டால் ஒரே பதில்: "இருந்துட்டுப் போகட்டுமே, அது என்ன சோறா கேக்குது?" மாமாவுக்கு வீட்டில் ஒரு பரண், கம்ப்யூட்டரில் ஒரு பரண்.

உபுண்டு மட்டும் இருக்கும் கம்ப்யூட்டரில் சாதாரணமாக பூட் மெனு கண்ணிலேயே படாது. ஷிஃப்டையோ எஸ்கேப்பையோ அழுத்தினால்தான் க்ரப் எட்டிப் பார்க்கும். அப்போதும் பழைய கெர்னல்கள் உள்மெனுவுக்குள் அடக்கமாக இருக்கும். மாமா அந்த உள்மெனுவை எடுத்துவிட்டு எல்லோரையும் வாசலில் வரிசையாக நிற்க வைத்திருந்தார். ஒன்பது கெர்னல், ஒவ்வொன்றுக்கும் கூடவே ஒரு ரெக்கவரி வரி. ஆக, பதினெட்டு. நேரக்கெடுவை மைனஸ் ஒன்று என்று வைத்திருப்பதால் அவர் குளித்து, விபூதி பூசி வரும்வரை கம்ப்யூட்டர் கைகட்டிக் காத்திருக்கும். பிறகு கீழ் அம்புக்குறியை ஒவ்வொரு தட்டாகத் தட்டிக்கொண்டு அணிவகுப்பைப் பார்வையிடுவார். "இந்த அஞ்சு பதினஞ்சு இருக்கே, இதுலதான் பிரின்டர் முனகாம ஓடுச்சு. அஞ்சு பத்தொம்பது, நம்ம குலசாமி. ஆறு ரெண்டு... இவனை மட்டும் நம்பாத."

ஆறு புள்ளி இரண்டின் மேல் அவருக்கு நியாயமான கோபம் உண்டு. அது வந்த மறுநாள் திரை கறுத்து நின்றது. கிராஃபிக்ஸ் கார்டின் டிரைவர் புதுக் கெர்னலோடு ஒத்துப்போகவில்லை. மாமா மெனுவில் கீழே இறங்கி 5.19ஐத் தொட்டார், கம்ப்யூட்டர் ஒன்றும் நடக்காததுபோல் எழுந்துகொண்டது. சரியாகச் சொன்னால், பழைய கெர்னலை வைத்திருப்பதே இந்த ஒரு நாளுக்காகத்தான். ஒன்றிரண்டு இருந்தால் போதும் என்பது மட்டும் மாமாவுக்கு எட்டவில்லை. பழையதைத் தானாக அகற்றும் வசதியை அன்றைக்கே அணைத்தார். "இவை இனித் தேவையில்லை, ஆட்டோரிமூவ் போடலாம்" என்று கம்ப்யூட்டர் பணிவாகச் சொல்லும் போதெல்லாம், "உனக்குத் தேவையில்ல, எனக்குத் தேவை" என்று திரையைப் பார்த்தே பதில் சொல்வார். ஃபெடோரா லினக்ஸில் மூன்று கெர்னலுக்கு மேல் சேர்ந்தால் மூத்தது தானாகக் கழன்றுகொள்ளும் என்று ஒருமுறை சொன்னேன். "பெத்தவங்களை முதியோர் இல்லத்துல விடுற புத்தி" என்றார்.

பத்தாவது கெர்னல் வந்த அன்றுதான் எனக்குப் போன் வந்தது. பூட் பகுதி மொத்தமே ஒரு ஜிபி. ஒரு கெர்னல் குடும்பத்தோடு குடியேற ஏறக்குறைய நூறு எம்பி வேண்டும். பத்தாவது பாதி உடம்போடு வாசற்படியில் சிக்கிக்கொண்டது. பழையதை அழி என்றால், முதலில் பாதியில் நிற்கிற வேலையை முடி என்கிறது. முடிக்கப் போனால் இடமில்லை என்கிறது. பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் கதை.

என் பென் டிரைவில் மிகப் பழைய மூன்று கெர்னல்களின் 'இனிட்ஆர்டி' கோப்புகளை ஒதுக்கி வைத்த பிறகு மூச்சு விட இடம் கிடைத்தது; நின்ற வேலை முடிந்தது. அடுத்து அழிக்கும் படலம். பாகப்பிரிவினைகூட இவ்வளவு நேரம் ஆகாது.

"முதல்ல யூநேம் மைனஸ் ஆர் அடி மாப்ளே. உக்காந்திருக்கிற கிளையை வெட்டிடாத."

அதில் மாமா சொன்னது சரி. இப்போது ஓடுகிற கெர்னல் எது என்று அந்தக் கட்டளைதான் சொல்லும். 6.5 என்றது. அது இருக்கட்டும், புதிதாக வந்த 6.8 இருக்கட்டும் என்று முடிவானது. மூன்றாவதாகக் குலசாமியை நிறுத்தி வைக்க மாமா அரை மணி நேரம் வாதாடி ஜெயித்தார்.

அத்தை சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏம்ப்பா, அதை அழிச்சா பொண்ணு கல்யாண போட்டோவும் சேந்து போயிருமா?"

"போட்டோ வேற இடத்துல இருக்கு அத்தை. ஒண்ணும் ஆகாது."

"அப்ப எல்லாத்தையும் அழி. அப்படியே அந்தப் பரணுக்கும் ஒரு வழி பண்ணு."

மாமா ஒவ்வொரு பெயரையும் வாய்விட்டுப் படித்த பிறகே என்டர் தட்ட விட்டார். ஏழும் போயின. க்ரப் மெனுவில் ஆறே வரி. மாமா அதைக் காலியான வாடகை வீட்டைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போது பென் டிரைவைக் கேட்டேன்.

"அதுல மூணு கோப்பு இருக்கே மாப்ளே."

கெர்னலும் போய், அதன் மாட்யூல்களும் போன பிறகு அந்த மூன்றை வைத்துக்கொண்டு ஒரு விளக்குகூட எரியாது என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்; தலையும் ஆட்டினார்.

"இருந்துட்டுப் போகட்டுமே."

பென் டிரைவ் 32 ஜிபி, வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. இப்போது பரணில், குக்கர் பெட்டிக்குள் இருக்கிறது.