கோழிக்கு ஒரு தாள்

மலேசியாவின் குருண் ஊர்க் கடைகளில் முட்டைத் தட்டின் மேல் 'ஏ', 'பி', 'சி' என்று தரம் போட்டிருக்கும். அது முட்டையின் எடைக்குக் கிடைத்த மதிப்பெண். அதை இட்ட கோழி எப்படி வாழ்ந்தது என்பது அந்தப் பரீட்சையில் கேள்வியே இல்லை.

ஐரோப்பியச் சட்டம் கூண்டுக் கோழி ஒன்றுக்கு ஒருகாலத்தில் ஒதுக்கிய இடம் 550 சதுர சென்டிமீட்டர். ஒரு ஏ4 தாளோ சுமார் 624. அதாவது, பண்ணைக்குக் கொடுக்கும் நற்சான்றிதழ் கோழியைவிடத் தாராளமாகக் கால் நீட்டிப் படுக்கலாம். அந்தப் பழைய கூண்டுக்கு 2012இல் அங்கே தடை வந்தது. இப்போது முட்டை ஓட்டிலேயே எண் குத்துகிறார்கள்: 3 என்றால் கூண்டு, 0 என்றால் இயற்கைப் பண்ணை. பிரிட்டனில் விலங்குவதைத் தடுப்புச் சங்கம் 1994 முதல் பண்ணைகளுக்குத் தானே ஆளனுப்பிப் பார்த்துச் சான்று தருகிறது. தன் பிள்ளைக்குத் தானே மதிப்பெண் போடும் வாத்தியார் வேலை அங்கே செல்லாது.

மலேசியாவிலும் 2015இல் விலங்கு நலச் சட்டம் வந்துவிட்டது. வதைத்தால் வழக்கு, சரி, இறக்கை விரிக்க இடம்?

தோட்டத்து லயத்துக் கோழிக்கு இந்தக் கவலை இல்லை. சான்றிதழும் இல்லை, பக்கத்து வீட்டுக் கீரைப் பாத்தியைக் கிளறிய புகார் மட்டும் உண்டு.

போன வாரம் கடைக்காரரிடம் கேட்டேன்: "இது எந்த மாதிரிக் கோழி போட்ட முட்டை?"

"பெட்டைக் கோழிதாண்ணே" என்றார்.