பஞ்சாங்கச் சாப்பாட்டுக்கு ஒரு கோடு வேண்டி

பெறுநர்: தலைமை இயக்குநர் அவர்கள், பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கம் (ஐயாட்டா), மான்ட்ரியல், கனடா.

அனுப்புநர்: தறிக்காரன், முசரவாக்கம், காஞ்சிபுரம் மாவட்டம்.

மகா கனம் பொருந்திய ஐயா,

1945-இல் ஹவானாவில் கூடிச் சங்கம் வைத்தவர்கள் தாங்கள். சென்னையை மூன்றெழுத்தில் அடக்கினீர்கள். பயணியின் வயிற்றை நாலெழுத்துச் சாப்பாட்டுக் கோடுகளில் அடக்கினீர்கள். யூதருக்கு கே.எஸ்.எம்.எல்., முஸ்லிமுக்கு எம்.ஓ.எம்.எல்., சமணருக்கு வி.ஜே.எம்.எல்., பச்சைக் காய்கறி மட்டும் கடிப்பவருக்கு ஆர்.வி.எம்.எல். சர்க்கரை வியாதிக்காரரையும் மறக்கவில்லை. இவ்வளவு செய்த தங்களிடம் இன்னும் ஒன்று கேட்பது பேராசைதான். ஆனாலும் கேட்கிறேன்.

டொரன்டோவில் இருக்கும் எங்கள் பையன் எனக்கும் அவன் அம்மாவுக்கும் டிக்கெட் போட்டிருக்கிறான். பயணம் புரட்டாசியில். புறப்பாடு வெள்ளிக்கிழமை ராத்திரி. "அப்பா, சாப்பாட்டுக்கு என்ன போடட்டும்? கீழே இழுத்தா பெரிய லிஸ்ட் வருது" என்று போனில் கேட்டான். அங்கே ஆரம்பித்தது வினை.

எங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் கறி மீன் சாப்பிடுகிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்கடை வாசலில் தூக்குவாளியோடு நிற்பவன் நான். ஆனால் செவ்வாய், வெள்ளி கிடையாது. அமாவாசை, கிருத்திகை கிடையாது. சபரிமலைக்கு மாலை போட்டால் கழற்றும்வரை முட்டைகூடக் கிடையாது. புரட்டாசிச் சனி பெருமாளுக்கு, பேச்சே இல்லை. பக்கத்து வீட்டில் அந்த மாதம் முழுக்கவே அடுப்பில் கறிச்சட்டி ஏறாது. அதே சமயம், ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்றும் அன்று கருவாட்டுக் குழம்பு வைக்காத வீடு எங்கள் தெருவில் இல்லை. ஆக, நாங்கள் கோர்வைச் சேலை மாதிரி: உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். தங்கள் பட்டியல் எங்களை ஒரே நிறத்தில் முக்கி எடுக்கப் பார்க்கிறது.

'இந்து மீல்' என்று பையன் வாசித்ததும் என் மனைவி, "அதையே போடுடா, வேற என்ன யோசனை?" என்றாள். நல்லவேளை, அவன் விவரம் படித்துவிட்டான். எச்.என்.எம்.எல். என்றால் மாட்டுக்கறி வராது, அதற்காகச் சைவம் என்று அர்த்தமில்லை. கோழி வரலாம், ஆடு வரலாம், மீனும் வரலாம். சைவம் வேண்டுமென்றால் ஏ.வி.எம்.எல்., அதாவது 'ஆசிய சைவம்'. பெருமாளுக்கு விரதம் இருக்கிறவள் தன்னை இந்து என்று சொல்லிக்கொண்டால் கோழி. ஆசியாக்காரி என்று சொல்லிக்கொண்டால் பருப்பு. இந்த வேதாந்தம் எங்கள் ஊர் உபன்யாசகருக்கே விளங்காது.

2018 ஜூலையில் எமிரேட்ஸ் அந்த இந்து மீலை நிறுத்தப்போவதாக அறிவித்தது. எதிர்ப்புக் கிளம்பியது. உடனே முடிவை மாற்றிக்கொண்டு மறுபடி பட்டியலில் சேர்த்துவிட்டது. மதத்தைக் காப்பாற்றக் கிளம்பியவர்களில் எத்தனை பேருக்குத் தாம் காப்பாற்றியது கோழிக் குழம்பை என்று தெரிந்திருக்கும்? தெரிந்தே காப்பாற்றியிருந்தால் அவர்கள் என் கட்சி.

சிறுவயதில் கொஞ்ச காலம் காஞ்சிபுரத்துப் பள்ளியிலும் படித்த கணித மேதை ராமானுஜன் 1914-இல் கேம்பிரிட்ஜ் போனார். கல்லூரிச் சாப்பாட்டை நம்பாமல் அறையிலேயே தானே பொங்கித் தின்றார். போர்க்காலத்தில் காய்கறிக்கும் திண்டாட்டம். உடம்பு கெட்டுத்தான் ஊர் திரும்பினார். அவர் பட்ட பாடு பெரிது. ஆனால் தங்கள் படிவத்தை நிரப்புவது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். வருஷம் 365 நாளும் ஒரே சைவப் பெட்டியில் டிக் அடித்துவிட்டுப் போயிருப்பார். தங்கள் கோடுகளெல்லாம் அவரைப் போன்றவர்களுக்காகவே செய்தவை. நீ யார் என்று கேட்கின்றன, என்ன தின்பாய் என்று கேட்கின்றன. இன்றைக்கு என்ன கிழமை என்று ஒரு கோடாவது கேட்கிறதா?

இது எங்கள் குறை மட்டும் இல்லை. காஞ்சிக்குப் பக்கத்தில் திருப்பருத்திக்குன்றம் இருக்கிறது. ஜினகாஞ்சி என்று பழைய பேர். அங்கே கும்பிட வரும் சமணர்களில் பொழுது சாய்ந்தபின் சாப்பிடாதவர்கள் உண்டு. அவர்களுக்காகத் தாங்கள் கிழங்கை நீக்கினீர்கள், வெங்காயம் பூண்டை நீக்கினீர்கள். எல்லாம் நீக்கிய அந்தத் தட்டு, ராத்திரி விமானத்தில் ஊரே உறங்கும் நேரத்துக்குச் சுடச்சுட வந்து நிற்கும்.

இஸ்லாமியர்கள் இந்த நேரக் கணக்கு விஷயத்தில் கெட்டிக்காரர்கள். துபாயில் 2011-இல் புர்ஜ் கலிஃபா கோபுரத்துக்கென்றே மார்க்க அறிஞர் ஒருவர் கணக்குச் சொன்னார்: எண்பதாவது மாடிக்கு மேலே இருப்பவர்கள் நோன்பு திறக்க இரண்டு நிமிஷம் பொறுக்க வேண்டும், நூற்றைம்பதுக்கு மேலே மூன்று நிமிஷம், அங்கே சூரியன் அவ்வளவு நேரம் கூடத் தெரிகிறது. 2007 அக்டோபரில் மலேசியாவின் ஷேக் முஸாபர் ஷுகோர் ரமலான் மாதத்தில் விண்வெளி நிலையத்துக்குப் போனார். அங்கே ஒரு நாளைக்குப் பதினாறு தடவை விடிகிறது. எந்த விடியலை வைத்து நோன்பு பிடிப்பது? மலேசிய அறிஞர்கள் கூடி வழிகாட்டி நூலே போட்டார்கள். ராக்கெட் கிளம்பிய ஊரின் நேரமே கணக்கு. முடியாவிட்டால் திரும்பி வந்து பிடித்துக்கொள்ளலாம். என்ன அழகான தீர்ப்பு!

அந்தத் தீர்ப்பை வீட்டில் சொன்னதுதான் தப்பாகப் போயிற்று. "அப்போ நமக்கும் முசரவாக்கத்து நேரம்தான்" என்றாள் மனைவி. இங்கே சனிக்கிழமை காலை ஆறு மணிக்குப் பொழுது விடிந்தால் டொரன்டோவில் வெள்ளி ராத்திரி எட்டரை. அங்கே விரதம் அப்போதே தொடங்கிவிடும். அதோடு விட்டாளா? "அந்த ஊர் சனிக்கிழமையும் சனிக்கிழமைதானே? பெருமாளுக்கு அங்கேயும் கோவில் இருக்காம்." ஆக வெள்ளி ராத்திரியிலிருந்து ஞாயிறு விடியும் வரை ஒன்றரை நாள் சனிக்கிழமை. சனிபகவானே ஒரு சனிக்கிழமைக்கு அவ்வளவு நேரம் டியூட்டி பார்த்திருக்க மாட்டார்.

தங்கள் தட்டை நம்பாமல் அவள் கட்டுச்சோறுக்கும் ஏற்பாடு செய்துவிட்டாள். வரதராஜப் பெருமாள் கோவில் பக்குவத்தில் இட்லி: மிளகு, சீரகம், சுக்கு, நெய் சேர்த்து, மந்தாரை இலை வைத்த மூங்கில் குடலையில் வேகவைத்தது. அதில் சிக்கல் இல்லை. புளிக்காய்ச்சல்தான் இடிக்கிறது. பாட்டிலில் மேலே இரண்டு விரல் உயரம் நல்லெண்ணெய் மிதக்கிறது. அடியில் கடலைப்பருப்பும் மிளகாயும் கெட்டித்துக் கிடக்கின்றன. கைப்பையில் திரவம் 100 மில்லிக்கு மேல் கூடாதாம். இது திரவமா திடமா? பாதுகாப்புச் சோதனை தங்கள் இலாகா இல்லை என்று தெரியும். இருந்தாலும் ஒரு வார்த்தை சொல்லி வைத்தால் புண்ணியம்.

என் விண்ணப்பம் இதுதான். பி.என்.எம்.எல். என்று ஒரு கோடு திறக்கவும், பஞ்சாங்க மீல். அதை டிக் அடித்தவரிடம் சாதி, மதம், தேசம் எதுவும் கேட்க வேண்டாம். ஒவ்வொரு விமானத்தின் சமையல் மூலையிலும் ஒரு தினசரி காலண்டர் மாட்டவும். சிவகாசியில் அடித்துத் தருவார்கள். ஐயாட்டா என்று மேலே பெயர் போட்டே தருவார்கள். பணிப்பெண் தாளைக் கிழித்துப் பார்த்து, கிருத்திகையா, ஏகாதசியா, சும்மா புதன்கிழமையா என்று தெரிந்துகொண்டு தட்டை நீட்டினால் போதும். ஏகாதசியன்று அரிசிச் சோறு வைக்காமலிருக்க மட்டும் தனியாகப் பயிற்சி தேவைப்படும்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்த தறிக்காரன்.

பி.கு.: திரும்பும் விமானம் டொரன்டோவில் ஞாயிறு ராத்திரி ஒன்பது மணிக்கு. ஞாயிறாயிற்றே என்று எனக்கு மட்டும் ரகசியமாக எச்.என்.எம்.எல். போடச் சொல்லியிருந்தேன். மனைவி இப்போதுதான் காலண்டரைப் புரட்டிவிட்டு வந்தாள். அந்த நேரம் முசரவாக்கத்தில் திங்கள் விடிந்துவிடுமாம். அன்று கிருத்திகையாம். எனக்கும் ஏ.வி.எம்.எல். என்றே திருத்திக்கொள்ளவும்.