ஆறிப்போகும் சோறும் நிறுத்த முடியாத ஆட்டமும்

கொள்ளிடத்தின் வடகரையில், அரியலூரிலிருந்து தஞ்சாவூர் செல்லும் சாலையில் இருக்கும் திருமானூரிலும் அதன் அக்கம்பக்கத்து ஊர்களிலும் வீடியோ கேம் ஆடுவோருக்கும், அவர்களைச் சாப்பிடக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வற்றியோருக்கும் எழும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது.

கேள்வி: முப்பது வயதைத் தாண்டிய அண்ணன் ஒருவர் கணினியில் எந்த ஆட்டம் ஆடினாலும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ‘சேவ்’ செய்துகொண்டே இருக்கிறார். ஆடுவதைவிடச் சேமிப்பதிலேயே அவருக்குக் கவனம். இது என்ன பழக்கம்? (கல்லூரி மாணவர், திருமானூர்)

பதில்: அது மின்வெட்டு விட்டுச் சென்ற தழும்பு. ‘சேவ்’ என்பது, ஆடுபவர் எந்தக் கட்டத்தில், எத்தனை உயிரோடு, என்னென்ன பொருள்களோடு நிற்கிறார் என்பதை மின்சாரம் போனாலும் அழியாத இடத்தில் எழுதிவைக்கும் ஏற்பாடு. இன்றைய ஆட்டங்கள் இதைத் தாமாகவே செய்துகொள்கின்றன. அந்த அண்ணன் ஆடிப் பழகிய காலத்தில் அப்படி இல்லை. 2006 செப்டம்பர் 15 அன்று முதலமைச்சர் மு. கருணாநிதி தொடங்கிவைத்த இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தின் 14 அங்குலப் பெட்டி பல கிராமத்து வீடுகளில் முதல் வண்ணத்திரையாக வந்து சேர்ந்தது. அந்தத் திரையோடு கடைத்தெருவில் மலிவாகக் கிடைத்த ‘டிவி கேம்’ பெட்டியும் இணைந்தபோது, அது ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1983-இல் வெளியிட்ட ஃபாமிகாம் கருவியின் நகல் என்பதை அறியாமலேயே ஒரு தலைமுறை ‘சூப்பர் மரியோ’வையும் ‘கான்ட்ரா’வையும் ஆடிக் கைதேர்ந்தது. அதில் செருகிய கேசட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு நினைவு கிடையாது. அமெரிக்காவில் 1987-இல் வெளிவந்த ‘தி லெஜண்ட் ஆஃப் செல்டா’வின் கேசட்டுக்குள் ஒரு சிறு பேட்டரியை வைத்து, ஆடியவரின் நிலையைக் காக்கும் வழியை அந்நிறுவனம் கண்டிருந்தது, மலிவு நகல்களில் அந்த வசதிக்கு இடமில்லை. ஆகவே ‘கான்ட்ரா’வின் எட்டாவது கட்டத்தில் நிற்கும்போது கரண்ட் போனால், அது திரும்பி வந்த பிறகு முதல் கட்டத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அடுத்து 2011 செப்டம்பர் 15 அன்று முதலமைச்சர் ஜெ. ஜெயலலிதா தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டம் வந்தது; பென்டிரைவ் வழியாகக் கைமாறிய ‘வைஸ் சிட்டி’ அந்த மடிக்கணினிகளில் குடியேறியது. அந்த ஆட்டத்தில் நினைத்த இடத்தில் சேமிக்க முடியாது. ஆடுபவர் தமக்குரிய வீட்டுக்குத் திரும்பினால்தான் முடியும். 2012-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தமிழ்நாட்டின் கிராமங்கள் நாளுக்குப் பல மணி நேரம் இருட்டில் கிடந்தன. நாள்பட்ட பேட்டரியோ இணைப்பை எடுத்த சில நிமிடங்களில் கைவிட்டது. பாதி ஆட்டத்தில் மின்சாரம் போவதை நூறு முறை பார்த்த விரல், அந்த அச்சத்தைப் பதினைந்து ஆண்டுகள் கழித்தும் மறக்கவில்லை. ஒருவருடைய ஆட்டப் பழக்கத்தைக் கொண்டு அவருடைய குணத்தை அளப்பதைவிட, அவர் எந்தக் கருவியில், எந்தக் கரண்டில் ஆடக் கற்றார் என்று கேட்பது நியாயமானது. அண்ணனை அவர் போக்கில் விடலாம். சேமிப்பதால் கெட்ட ஆட்டம் எதுவும் இல்லை.

கேள்வி: ஓடாத கேசட்டை வாயால் ஊதிச் செருகினால் ஓடியதே, அது எப்படி? (வாசகர், கீழப்பழுவூர்)

பதில்: கேசட்டின் அடிப்பக்கத்தில் வரிசையாக இருக்கும் உலோகத் தகடுகள், பெட்டிக்குள் இருக்கும் ஊசிகளைச் சரியாகத் தொட்டால்தான் ஆட்டம் திரையில் தோன்றும். கழற்றி மறுபடி செருகும்போது அந்தத் தொடுகை சரியாகிவிடும்; ஊதியதற்கும் அதற்கும் தொடர்பு இல்லை, மாறாக மூச்சின் ஈரம் தகடுகளை அரிக்கவே செய்யும். உலகம் முழுவதும் பிள்ளைகள் ஊதினார்கள், நின்டெண்டோ நிறுவனமோ ஊத வேண்டாம் என்றது. ஊதியவுடன் ஓடியதால் ஊதியதாலேயே ஓடியது என்று நம்பியதுதான் பிழை.

கேள்வி: கணினி ஆட்டங்களில் அம்புக்குறி விசைகளை விட மனம் வரவில்லை. நண்பர்கள் எல்லோரும் இடப்பக்கத்து எழுத்துகளுக்கு மாறிவிட்டார்கள். மாறத்தான் வேண்டுமா? (பொறியியல் மாணவர், அரியலூர்)

பதில்: ஆட்டத்தைப் பொறுத்தது. சுடும் ஆட்டங்களில் வலக்கை மவுஸைப் பிடித்துக் குறிபார்ப்பதால், நடக்கும் வேலை இடக்கைக்கு வருகிறது. டபிள்யூ, ஏ, எஸ், டி ஆகிய நான்கு விசைகள் இடக்கைக்கு வாகாக இருப்பதோடு, சுற்றிலும் வேறு பல விசைகள் எட்டும் தூரத்தில் இருக்கின்றன. இந்த முறையைப் பரப்பியவர்களில் முதன்மையானவர் ‘த்ரெஷ்’ என்ற பட்டப்பெயரால் அறியப்பட்ட அமெரிக்க ஆட்டக்காரர் டென்னிஸ் ஃபாங். 1997-இல் நடந்த ‘குவேக்’ போட்டியில் வென்று, அந்த ஆட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் கார்மக்கின் சிவப்பு ஃபெராரி காரையே பரிசாகப் பெற்றவர். காரைப் பார்த்துத்தான் உலகம் விசை மாற்றியது என்று சொல்ல முடியாது, ஆனால் தோற்றவர்கள் வென்றவரின் விரல்களைக் கவனித்தார்கள் என்பது உறுதி. மவுஸுக்கு வேலையில்லாத ‘ரோட் ராஷ்’ போன்ற பந்தய ஆட்டங்களுக்கு அம்புக்குறியே போதும். வாசகர் மவுஸ் ஆட்டங்களில் தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்தால் மட்டும் மாறட்டும்.

கேள்வி: சுவருக்குப் பின்னால் முழுவதும் மறைந்த பிறகும் குண்டு பட்டுச் சாவது அநியாயம் இல்லையா? (பன்னிரண்டாம் வகுப்பு மாணவர், ஏலாக்குறிச்சி)

பதில்: அநியாயம்தான், ஆனால் எதிராளி ஏமாற்றவில்லை. இணையத்தில் பலர் சேர்ந்து ஆடும் ஆட்டத்தில் யார் எங்கே நிற்கிறார் என்ற உண்மையான கணக்கு யாருடைய கைபேசியிலும் இல்லை. தொலைவில் உள்ள சர்வர் என்னும் பொதுக்கணினியில் இருக்கிறது. கைபேசியிலிருந்து ஒரு செய்தி அங்கே சென்று மறுமொழி திரும்பி வர ஆகும் நேரத்துக்குப் ‘பிங்’ என்று பெயர். ஒரு நொடியை ஆயிரமாகப் பகுத்த மில்லிநொடியில் அதை அளக்கிறார்கள். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் போவதால், சர்வர் சிங்கப்பூரில் இருந்தாலும் சென்னையிலிருந்து போய்வரக் கணக்குப்படி 30 மில்லிநொடி அளவே ஆக வேண்டும். திரையில் 200, 300 என்று சிவப்பில் எரியும்போது, குற்றவாளி பெரும்பாலும் கடலுக்கு அப்பால் இல்லை. ஊரே மாலையில் ஒரே செல்போன் டவரைப் பிடித்துக்கொண்டு படம் பார்ப்பதில் இருக்கிறது.

செய்திகள் தாமதமாக வருவது தெரிந்ததால், பல ஆட்டங்களில் சர்வர் ஒரு சமாதானம் செய்துகொள்கிறது: ஒருவர் சுட்டதாகச் செய்தி வந்தால், காலத்தைச் சற்றே பின்னோக்கி ஓட்டி, சுட்டவரின் திரையில் அந்தக் கணத்தில் இலக்கு எங்கே தெரிந்தது என்று பார்த்துத் தீர்ப்பு வழங்குகிறது. மறைந்தவரின் திரையில் அவர் சுவருக்குப் பின்னால். சுட்டவரின் திரையில் இன்னும் வெளியே. இரண்டும் உண்மை. சர்வர் சுட்டவரின் உண்மையை ஏற்கிறது, ஏனெனில் சரியாகக் குறிபார்த்தும் படவில்லை என்றால் யாரும் அந்த ஆட்டத்தை ஆட மாட்டார்கள்.

‘லேக்’ என்று சொல்லப்படும் தடங்கல் எல்லாமே இணையத்தின் குறை அன்று என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சித்திரை வெயிலில் சார்ஜ் போட்டபடியே ஆடினால் கைபேசி சூடேறி, தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அப்போது சிக்னல் தேடி மொட்டை மாடிக்குப் போவது நிலைமையை மோசமாக்கும். சார்ஜரைக் கழற்றிவிட்டு நிழலில் உட்காருவதே வழி.

கேள்வி: மருந்து, குண்டு எல்லாவற்றையும் சேர்த்துவைத்துக்கொண்டே போய், ஆட்டம் முடியும்போது பை நிறைய அப்படியே இருக்கிறது. ஏன் செலவழிக்க மனம் வருவதில்லை? (வாசகி, தூத்தூர்)

பதில்: பெறும் இன்பத்தைவிட இழக்கும் வலி மனிதருக்குக் கனமாகத் தெரிகிறது என்று உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இல் விளக்கினார்கள். கொள்ளிடக்கரைக் குடும்பங்களுக்கு இது புதிதன்று. பஞ்சத்திலும் விதைநெல்லில் கைவைக்காத அறிவு அது. ஆனால் விதைநெல் அடுத்த போகத்துக்கு உதவும், ஆட்டம் முடிந்த பிறகு அந்த மருந்துப் பைக்கு அடுத்த போகம் கிடையாது. தயங்காமல் குடிக்கலாம்.

கேள்வி: தம்பி, அப்பாவின் கைபேசியில் வந்த ஓடிபியை வைத்து ‘டைமண்ட்’ வாங்கிவிட்டான். ஆன்லைன் ரம்மியைத் தடுக்கச் சட்டம் போட்டார்களே, அது இதற்குப் பொருந்தாதா? (வாசகி, திருமானூர்)

பதில்: பொருந்தாது. நீதிபதி கே. சந்துரு தலைமையிலான குழுவின் அறிக்கைக்குப் பிறகு தமிழ்நாடு 2022-இல் இயற்றி 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதல் பெற்ற சட்டமும், 2025 ஆகஸ்டில் நடுவண் அரசு கொண்டுவந்த இணைய விளையாட்டுச் சட்டமும் பணம் கட்டிப் பணம் வெல்லும் ஆட்டங்களைக் குறிவைத்தவை. ‘ஃப்ரீ ஃபயர்’ வகை ஆட்டங்களில் ‘டைமண்ட்’ என்னும் உள்நாணயத்தைக் கொடுத்து வாங்குவது ‘ஸ்கின்’, அதாவது வீரனுக்கோ துப்பாக்கிக்கோ போடும் அலங்கார உடை. அதைத் திரும்பப் பணமாக்க வழியில்லை என்பதால் அது சூதாட்டக் கணக்கில் சேர்வதில்லை. ஆயினும் ரூபாயை நேராகக் கேட்காமல் இடையில் ஒரு பொய் நாணயத்தை வைப்பதே செலவை மறக்கடிக்கத்தான். என்ன வரும் என்று தெரியாமல் காசு கொடுத்துச் சுழற்றும் பரிசுப் பெட்டிகளைப் பெல்ஜியம் 2018-இல் சூதாட்டம் என்றே அறிவித்தது. அந்தத் தீர்ப்பு சரியானது, இந்தியாவும் அதைப் பின்பற்ற வேண்டும். அதுவரை, பிளே ஸ்டோரின் அமைப்புகளில் ஒவ்வொரு வாங்கலுக்கும் கடவுச்சொல் கேட்கும்படி செய்துவைப்பதும், அந்தக் கடவுச்சொல்லைத் தம்பியிடம் சொல்லாமல் இருப்பதும் நல்லது.

கேள்வி: நம் ஊர்ப் பக்கம் வரும் ஆட்டம் ஏதாவது உண்டா? (வாசகர், கரைவெட்டி)

பதில்: மாவட்டமே வருகிறது. 1999-இல் வெளியான ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’, படை திரட்டி நாடு பிடிக்கும் வியூக ஆட்டம். 2022 ஏப்ரலில் அதற்கு வந்த இந்திய அரசுகள் பற்றிய விரிவாக்கத்தில் தென்னாட்டினர் ஒரு தனி நாகரிகமாக இடம்பெற்றார்கள். அவர்களுடைய வீரர்கள் தமிழில் பேசுகிறார்கள், சுருள்வாள் ஏந்துகிறார்கள், ‘திரிசடை’ என்னும் போர்க்கப்பலைச் செலுத்துகிறார்கள். ராஜேந்திர சோழனின் படையெடுப்புகளை ஆடிப் பார்க்கும் தனிப்பகுதியும் உண்டு. 1025-இல் ஸ்ரீவிஜயம்வரை கடற்படை அனுப்பிய அம்மன்னனின் தலைநகரமான கங்கைகொண்ட சோழபுரம் திருமானூர் இருக்கும் இதே அரியலூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. 2025 பிப்ரவரியில் வந்த ‘சிவிலைசேஷன் 7’ ஆட்டத்திலும் சோழர் உண்டு.

இவற்றைவிட மேலான தமிழ் ஆட்டம் ‘வெண்பா’. கனடாவின் டொராண்டோவில் இயங்கும் விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்ட இந்த ஆட்டத்தில் வாளும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. 1980-களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்த்தாய், கிழிந்த சமையல் குறிப்பேட்டிலிருந்து அம்மாவின் சமையலை மீட்டெடுக்கிறாள். இட்லித் தட்டுகளை ஆவி ஏறும்படி மாற்றி மாற்றி அடுக்கத் தெரியாதவர் முதல் கட்டத்திலேயே திணறுவார். திருமானூரின் எந்தப் பாட்டியும் அதை ஒரே முயற்சியில் தாண்டிவிடுவார். 2024-இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு சிறந்த அறிமுக ஆட்டத்துக்கான விருதை இதற்கு வழங்கியது. ஒரு பிடி அன்பு எத்தனை வெடிகுண்டை வெல்லும் என்பதை ஆடிப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

கேள்வி: ‘சோறு போட்டாச்சு, வாடா’ என்றால் ‘ஒரு நிமிஷம்மா’ என்கிறான். அந்த ஒரு நிமிஷம் அரை மணி நேரம் ஆகிறது. இது பொய்யா, நோயா? (ஒரு தாய், திருமழபாடி)

பதில்: பெரும்பாலும் இரண்டும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்று 2022 ஜனவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்ப் பட்டியலில் ‘விளையாட்டுக் கோளாறு’ இடம்பெற்றிருப்பது உண்மை. ஆனால் ஆட்டத்தின் மீது கட்டுப்பாடு இழத்தல், மற்ற எல்லாவற்றையும்விட ஆட்டத்தை முதன்மையாக்குதல், தீங்கு தெரிந்தும் தொடர்தல் ஆகிய மூன்றும் படிப்பையும் உறவையும் குலைக்கும் அளவுக்கு, வழக்கமாக 12 மாதம் நீடித்தால்தான் அந்தப் பெயர் பொருந்தும். அப்படித் தெரிந்தால் 14416 என்ற டெலி-மானஸ் இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். சோறு ஆறுவது மட்டும் அதற்குப் போதிய சான்று அன்று.

பழைய டிவி கேமில் ஒரு பொத்தானை அழுத்தினால் மரியோ அந்தரத்தில் நின்றான். சாப்பிட்டு வந்து தொடரலாம். மகன் ஆடும் ஆட்டத்தில் அந்தப் பொத்தான் இல்லை, இருக்கவும் முடியாது. ‘பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா’வில் ஒரே களத்தில் 100 பேர் இறங்குகிறார்கள், ஒருவருடைய வீட்டில் சோறு ஆறுகிறது என்பதற்காக மற்ற 99 பேரையும் நிறுத்திவைக்க சர்வரால் இயலாது. நால்வர் அணியில் ஒருவன் பாதியில் எழுந்தால் மற்ற மூவரும் தோற்க நேரலாம். மகன் தட்டுகிற திரைக்குப் பின்னால் மூன்று நண்பர்களுக்குக் கொடுத்த வாக்கு இருக்கிறது. ஆகவே ‘ஒரு நிமிஷம்’ என்பது கணக்குத் தெரியாமல் வரும் சொல். ‘ஃப்ரீ ஃபயர்’ ஆட்டத்தில் 50 பேர் இறங்கி ஏறத்தாழ 10 நிமிடத்தில் முடிந்துவிடும், ‘பேட்டில்கிரவுண்ட்ஸ்’ பெரிய களத்தில் அரை மணி நேரம்வரை இழுக்கும். எந்த ஆட்டம் என்று தெரிந்துகொள்வது தாய்க்கு உதவும். உண்மையான நிமிடக் கணக்கைச் சொல்வது மகனின் கடமை.

தட்டு வைத்த பிறகு கூப்பிடுவதைவிட, உலை கொதிக்கும்போதே ‘இந்த மேட்ச் முடிய எவ்வளவு நேரம்டா?’ என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.