சொட்டும் கீசருக்கு எத்தனை வைத்தியர்!

மே மாதத்துச் சென்னையில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரே கை வைக்க முடியாமல் சுடும். அந்த ஊரிலும் வீட்டுக்கு வீடு கீசர் தொங்குகிறது என்றால், மார்கழி என்ற ஒரு மாதத்தை நம்பித்தான். எங்கள் வீட்டுக் கீசர் சரியாக மார்கழி பார்த்துச் சொட்டத் தொடங்கியது.

கீசர் ஒழுகினால் யாரைக் கூப்பிடுவது என்பது தீர்ப்பு வராத வழக்கு. பிளம்பர் வந்தார், அண்ணாந்து பார்த்தார். "இது கரண்ட் ஐட்டம் சார், நான் தொடமாட்டேன்." எலக்ட்ரீஷியன் வந்தார். "தண்ணிதானே சார் ஒழுகுது? பிளம்பரைக் கூப்பிடுங்க." இருவரும் ஒரே நேரத்தில் வந்து சேரும் முகூர்த்தம் எந்தப் பஞ்சாங்கத்திலும் இல்லை. வந்துபோன கூலியை மட்டும் இருவரும் மறக்கவில்லை. கம்பெனிக்குப் போன் போட்டால், டேங்குக்கு வாரண்டி உண்டாம், மற்றதற்கெல்லாம் முடிந்துவிட்டதாம். எது ஒழுகுகிறது என்று அவர்கள் இன்னும் கேட்கவே இல்லை!

இதற்குள் மாடி வீட்டு மாமா எம்சீலோடு இறங்கி வந்துவிட்டார். "இந்தக் குட்டி வால்வுலதான்ப்பா சொட்டுது. அடைச்சுட்டா தீர்ந்தது."

அந்தக் குட்டி வால்வுக்கு வேலையே சொட்டுவதுதான். உள்ளே போன தண்ணீர் திரும்பி வராதபடி ஒரு தடுப்பு இருக்கிறது. தண்ணீரோ சூடானால் பெருகும். 25 டிகிரியிலிருந்து 75 டிகிரிக்கு ஏறினால் 15 லிட்டரில் 300 மில்லிக்கு மேல் கூடிவிடும். அந்த ஒரு டம்ளர் வேறு எந்த வழியாகப் போகும்? அதை எம்சீல் வைத்து அடைப்பது, குக்கர் வெயிட்டின்மேல் அம்மிக்கல்லைத் தூக்கி வைப்பதற்குச் சமம். தெர்மோஸ்டாட்டும் கைவிட்டால் டேங்க் வெடிக்கலாம். மாமாவிடம் இதைச் சொன்னேன். "அந்தக் காலத்துல..." என்று ஆரம்பித்தார்.

கீசரை ஆஃப் செய்த பிறகும் அடிமூடியின் ஓரத்தில் தண்ணீர் கசிந்தது. அது வால்வு வேலை இல்லை. கடைசியில் வந்த மெக்கானிக் மூடியைக் கழற்றினார். காயில் பிளேட்டின் ரப்பர் கேஸ்கெட் மக்கிப்போயிருந்தது. காயிலோ போர் தண்ணீர் உப்பில் வெள்ளைப் பூச்சு பூசியிருந்தது. கூடவே ஒரு நூல் கம்பியையும் உருவிக் காட்டினார். டேங்க் துருப்பிடிக்காமல் இருக்கத் தான் கரைந்து தீரும் மக்னீசியம் கம்பியாம். வாங்கும்போது விரல் தடிமன் இருக்குமாம். இப்படி ஒரு தியாகி உள்ளே இருக்கும் சேதியை விற்கும்போது யாரும் சொல்வதில்லை; உப்புத் தண்ணீர் ஊரில் ஓரிரு வருடத்துக்கு ஒருமுறை கழற்றிப் பார்க்க வேண்டும்.

டேங்கே ஓட்டையாகித் துருத்தண்ணீர் வந்தால் வைத்தியம் கிடையாது, புதுசுதான். எங்களுடையது கேஸ்கெட்டோடும் கம்பியோடும் பிழைத்தது.

உங்கள் வீட்டுக் கீசர் சொட்டினால் முதலில் எம்சிபியை இறக்குங்கள். பிறகு எங்கே சொட்டுகிறது, எப்போது சொட்டுகிறது என்று பாருங்கள். எம்சீலோடு யாராவது வந்தால் ஒரு காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.