டோக்கன் மாமா

2021 ஜூன் மாதத்தில் மடத்துக்குளம் பக்கம் எந்தப் பள்ளிக்கூடத்து வாசலில் கொரோனா ஊசிக்குக் கூட்டம் தெரிந்தாலும், அதன் தலைமாட்டில் டோக்கன் மாமா நிற்பார். ஒரே ஆள் இல்லை, ஊருக்கு ஒருவர். துங்காவிக்கு ஒருவர், கொழுமத்துக்கு ஒருவர், கணியூருக்கு இரண்டு பேர் இருந்தாலும் ஆச்சரியமில்லை. ஐம்பதைத் தாண்டிய வயது, மடித்துக் கட்டிய வேட்டி, மூக்கைத் தவிர மற்ற எல்லா இடத்தையும் பாதுகாக்கும் மாஸ்க். சட்டைப் பையில், காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிய பெயர்ப் பட்டியல். அதை எழுதச் சொல்லி அவரை யாரும் கேட்கவில்லை.

விடிகாலை நாலு மணிக்கு வந்து வரிசையில் ஒரு செங்கல் வைப்பார். செங்கல் அவருக்கு. அதற்கடுத்த ஹெல்மெட் மச்சானுக்கு, தண்ணீர் பாட்டில் பங்காளிக்கு. ஏழு மணிக்கு வரும் அப்பாவி, பாட்டிலைக் கொஞ்சம் நகர்த்திவிட்டால் போதும்.

"ஏனுங், ஆள் நிக்கறது தெரியலீங்களா?"

நூறு டோஸ் வந்திருக்கிறது என்று உள்ளேயிருந்து சொன்னால், நூற்று ஐம்பது என்பார். ஸ்டாக் இல்லை என்று போர்டு தொங்கினால், "இருக்குது, எடுத்து வெச்சுட்டாங்க" என்பார். யார் எடுத்து எங்கே வைத்தார்கள் என்று கேட்கக் கூடாது. கேட்டால், "உங்களுக்கு ஒலகம் தெரியாது மாப்ள" என்று பதில் வரும்.

அமராவதி வாய்க்காலில் முறைத் தண்ணீருக்கும், கிருஷ்ணாபுரம் சர்க்கரை ஆலையின் வெட்டு உத்தரவுக்கும் காத்திருந்து பழகிய ஊர் இது. காத்திருப்பது எங்களுக்குப் புதிதல்ல. யாரைத் திட்டிக்கொண்டு காத்திருப்பது என்பதில்தான் ஊசி குழப்பிவிட்டது. மே 1 முதல், கம்பெனி தயாரிக்கும் ஊசியில் பாதி மத்திய அரசுக்கு, கால் பங்கு மாநிலங்களுக்கு, கால் பங்கு தனியார் ஆஸ்பத்திரிகளுக்கு என்று டெல்லியில் பிரித்தார்கள். மாமாவும் திட்டை அதே கணக்கில் பிரித்துக்கொண்டார். பாதி டெல்லிக்கு, கால் சென்னைக்கு, மிச்சக் கால் எதிரே நின்ற நர்ஸம்மாவுக்கு. அந்தம்மாதானே கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

சொன்னதெல்லாம் பொய்யில்லை. மூன்றரைக் கோடி டோஸுக்குத் தமிழ்நாடு உலக டெண்டர் விட்டது. ஒரு கம்பெனியும் கேட்டு வரவில்லை. "கொப்பரை ஏலத்துக்கே நாலு யாவாரி வர்றான், ஒலகத்துல ஒருத்தன் வரல பாருங்!" தடுப்பூசிக்கென்றே செங்கல்பட்டில் கட்டிய வளாகம் சும்மா கிடந்ததும் அவருக்குத் தெரியும். கோவிஷீல்டு இரண்டாம் ஊசிக்கு முதலில் நாலு வாரம் என்றார்கள், பிறகு ஆறு முதல் எட்டு, மே மாதத்தில் பன்னிரண்டு முதல் பதினாறு. "ஜாப் ஒர்க் பில்லுக்குத் திருப்பூர்ல இப்படித்தான் மாப்ள. மொத முப்பது நாள், அப்புறம் அறுபது, அப்புறம் தொண்ணூறு." நிபுணர் குழு சொன்ன விளக்கத்தைவிட இது எங்களுக்குச் சட்டென்று புரிந்தது.

உண்மையில் அவர் வயிறு எரிந்தது மே 20ஆம் தேதி. 18 முதல் 44 வயது வரையானவர்களுக்கு ஊசி போடும் பணியை முதல்வர் ஸ்டாலின் திருப்பூர் நேதாஜி ஆயத்த ஆடைப் பூங்காவில் தொடங்கிவைத்தார். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் மகன், கம்பெனியிலேயே ஊசி போட்டுக்கொண்டு, கையைத் தூக்கிக் காட்டி போட்டோ அனுப்பிவிட்டான். "பெத்தவன் செங்கல் வெச்சு நிக்கறேன், பையனுக்கு ஏசி ரூம்ல ஊசி."

ஏப்ரலில் எங்கே போனீர்கள் மாமா என்று மட்டும் யாரும் கேட்டுவிடக் கூடாது. ஏப்ரல் 1 முதலே 45 வயதானவர்களுக்குக் கதவு திறந்துதான் இருந்தது. நடிகர் விவேக் ஊசி போட்ட இரண்டாம் நாள் மறைந்தார். ஊசிக்கும் மரணத்துக்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர்கள் சொல்லியும், மாமா அந்தத் திசைக்கே கும்பிடு போட்டுவிட்டார். அத்தை மட்டும் யாரிடமும் சொல்லாமல் போய், வரிசையே இல்லாத வராந்தாவில் பத்து நிமிஷத்தில் ஊசி போட்டுக்கொண்டு, வரும் வழியில் கீரையும் வாங்கி வந்துவிட்டது.

எனக்கு ஒன்று தோன்றும். மேற்கு மாவட்டங்களில் தொற்று அதிகம் என்று ஜூன் முழுக்க எங்கள் பக்கம் டீக்கடை பூட்டிக் கிடந்தது. பெஞ்ச் இல்லை, ஓசிப் பேப்பர் இல்லை. நாலு பேரை நிற்கவைத்து அரசாங்கத்தைத் திட்ட, ஊரில் மிச்சமிருந்த ஒரே இடம் ஊசி வரிசைதான். ஜூன் மூன்றாம் வாரத்தில் ஒருவழியாக ஊசி கிடைத்தபோது, மாமா முகத்தில் கடையை மூடிவிட்ட களை இருந்தது.

செப்டம்பர் 12இல் மாநிலமெங்கும் மெகா முகாம். இருபது லட்சம் பேருக்குத் திட்டமிட்டு, அன்று ஒரே நாளில் 28 லட்சத்தைத் தாண்டியது. மாமாவுக்கு இரண்டாம் ஊசிக்கான 84 நாளும் முடிந்திருந்தது. பந்தல், நாற்காலி, குடிதண்ணீர், நர்ஸம்மா. வரிசை மட்டும் இல்லை. எட்டிப் பார்த்தவர் முகம் சுருங்கியது.

"கூட்டமே காணம். நல்ல ஊசிதானுங்களா?"

அதுவும் ஞாயிற்றுக்கிழமை. புரட்டாசி பிறக்க ஐந்தே நாள். குடல்குழம்பு அடுப்பில் கொதிக்கிறது. கறி தின்றுவிட்டு ஊசி போட்டால் ஆகாது என்று யாரோ சொன்னார்களாம். புரட்டாசி பிறந்ததும் விரதம், உடம்பில் தெம்பில்லை. ஐப்பசியில் மறுபடி கறி. மாநிலம் முழுக்க மாமாக்கள் இப்படிக் கணக்குப் போட்டதில், அசைவம் சாப்பிடுகிறவர்களும் மது அருந்துகிறவர்களும் ஞாயிறன்று வரத் தயங்குகிறார்கள் என்று அமைச்சர் மா. சுப்பிரமணியனே சொல்லி, ஆறாவது முகாமை அக்டோபர் 23, சனிக்கிழமைக்கு மாற்ற வேண்டியதாயிற்று.

அன்றும் மாமா வேடிக்கை பார்க்கத்தான் வந்தார். பந்தலில் ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு குப்பியில் பத்து டோஸ்; திறந்தால் நாலு மணி நேரத்துக்குள் தீர்த்தாக வேண்டும். நர்ஸம்மா பத்தாவது ஆளுக்காக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஏனுங்ணா, நீங்க ஒருத்தர் வந்தீங்கன்னா பாட்டிலத் தொறந்துரலாமுங்."

ஒன்பது தலைகளும் அவர் பக்கம் திரும்பின. மாமா வேட்டியை இறக்கிவிட்டார். மாஸ்க்கை மூக்குவரை ஏற்றினார். நிதானமாக நடந்து வந்து, முதல் நாற்காலியில் இருந்த கிழவியை இரண்டாவதுக்கு நகரச் சொல்லிவிட்டு, பையிலிருந்து காலண்டர் தாளை எடுத்தார்.

"மொதல்ல எல்லாரும் பேரச் சொல்லுங்."