சித்தருக்கு எந்த கிளாஸ்?

எண்பதுகளின் பினாங்கு ஜார்ஜ்டவுனில், ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டும் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாடியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதில் தமிழ்ப் பையன்களை எண்ண ஒரு கையே அதிகம். எங்களிடம் இருந்தது போட்டோஸ்டேட் புத்தகம். அசல், சூலியா ஸ்ட்ரீட்டில் தங்கிய வெள்ளைக்காரப் பயணி யாரோ மூட்டையைக் குறைக்க விற்றுவிட்டுப் போனதாம். சௌராஸ்தா மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடையில் ஒரு சீன நண்பன் வாங்கினான். அதன் நகலின் நகல்தான் எங்களுக்கு வந்தது. டிராகன் இருந்த இடமெல்லாம் கரிச்சட்டி அடிபோல ஒரே கறுப்பு. வரையத் தெரிந்தவன் பேனாவால் வால் மட்டும் வரைந்து வைத்திருந்தான்.

அது 1978-இல் வந்த ஆட்டக்காரர் கையேடு. வீரன், மந்திரவாதி, பூசாரி, திருடன் என்று ஆளுக்கொரு கிளாஸ், அதாவது பாத்திர வகை. பின்னிணைப்பில் மட்டும் மனோசக்தி என்று ஒரு விசித்திரம். அதற்குத் தனி கிளாஸ் கிடையாது. அறிவு, விவேகம், வசீகரம் மூன்றில் ஏதாவது ஒன்று 16-ஐத் தொட்டால் சதவீதப் பகடையை உருட்டலாம். அடிப்படை வாய்ப்பு நூற்றுக்கு 1. விழுந்தால் அடுத்தவன் மனதைப் படிக்கலாம். விழாவிட்டால் வாளைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டலாம். படிப்பு இல்லை, பயிற்சி இல்லை, தலையெழுத்து ஒன்றுதான்.

எங்கள் கூட்டத்தில் ஒருவனுக்கு விழுந்தது. விழுந்ததை யாரும் பார்க்கவில்லை. வீட்டில், ராத்திரி, சாமி படத்துக்கு முன்னால் உருட்டினானாம். சாமியைச் சாட்சிக்கு இழுத்தபின் எவன் மறுப்பான்? அவனுடைய சக்தியை மோப்பம் பிடித்து மூளை தின்னும் பூதங்கள் வர, கூடவே போன எங்களுக்கும் அடி.

மனோசக்திக்கென்று ஒரு கிளாஸ் தேவையா என்ற சண்டை அன்றே தொடங்கிவிட்டது. வேண்டாம் என்றவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. மந்திரவாதியின் இரண்டாம் நிலை மந்திரங்களிலேயே ‘ஈ.எஸ்.பி.’ என்று ஒன்று உண்டு. பொருளைத் தொடாமல் நகர்த்தவும் மந்திரம் உண்டு. அப்புறம் எதற்கு இன்னொரு ஆள்? மேலைநாட்டு ஆட்டக்காரர்களுக்கு இன்னொரு குறையும் இருந்தது: மனோசக்தி என்றாலே ஆய்வுக்கூட வாடை அடிக்கிறதாம். அவர்கள் பக்கம் நின்று பார்த்தால் சரிதான். 1930-களில் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜே.பி. ரைன் சீட்டுகளை வைத்துச் சோதித்தார். ஐம்பதுகளில் ஜான் கேம்பெல் தன் அறிவியல் புனைகதைப் பத்திரிகையில் அதை ஊதிப் பெரிதாக்கினார். அங்கிருந்து வந்த சரக்கு, குதிரையும் கோட்டையும் இருக்கிற கதையில் ஒட்டாது என்பது அவர்கள் கட்சி.

பினாங்கில் வளர்ந்தவனிடம் இந்த வாதம் எடுபடாது. எங்கள் பாட்டி விதிப்புத்தகம் இல்லாமலே மூன்று கிளாஸ் வைத்திருந்தார். மலாய் மாந்திரீகர் போமோவுக்கு மந்திரம் வேண்டும். குயின் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயில் பக்கம் அருள் வந்து ஆடுகிறவருக்கு அம்மன் வேண்டும், சீனக் கோயில் சாமியாடிக்கு அவருடைய சாமி. சித்தருக்கு இதெல்லாம் வேண்டாம், அவரே போதும். புத்தகத்தைப் பிடுங்கு, வாயைக் கட்டு, கோயில் கதவைச் சாத்து; மந்திரவாதியும் பூசாரியும் கையைப் பிசைவார்கள், சித்தர் சும்மா உட்கார்ந்திருப்பார். 1991-இல் இரண்டாம் பதிப்புக்காரர்கள் ‘சயானிசிஸ்ட்’ என்று தனி கிளாஸையே கொடுத்தபோது, உடலைச் சுருக்குவதும் பெருக்குவதும் அதன் சக்திப் பட்டியலில் இருந்தன. அணிமாவும் மகிமாவும் அமெரிக்காவிலிருந்து பார்சலில் வந்ததில் எங்களுக்கு ஏகப் பெருமை.

பெருமை நீடிக்கவில்லை. அதே வருஷம் ‘டார்க் சன்’ என்ற பாலைவன உலகம் வந்தது. அங்கே ஆட்டக்காரன் ஒவ்வொருவனுக்கும் பிறவியிலேயே கொஞ்சம் மனோசக்தி. ஊருக்கே அருள் வந்தால் கோடாங்கிக்கு என்ன வேலை? அதற்குப் பின் நடந்ததெல்லாம் பழைய கதை. 2001-இலும் 2010-இலும் வந்த புத்தகங்களில் கிளாஸ் உண்டு, 2014-இல் வந்த பதிப்பில் இல்லை. 2015 முதல் 2017 வரை ‘மிஸ்டிக்’ என்று ஒன்றைச் சோதித்தார்கள். அவன் வீரன் வேலையும் செய்தான், வைத்தியன் வேலையும் செய்தான், மற்றவர்கள் தே தாரிக் குடிக்கப் போய்விட்டார்கள். 2020-இல் அவனைத் துண்டுபோட்டு வீரனுக்கு ஒன்று, திருடனுக்கு ஒன்று, மந்திரப் பிறவிக்கு ஒன்று என்று பங்கு வைத்தார்கள். 2025-இல் மறுபடி சோதனைக்கு ‘சயான்’. 1976-இல் ஒரு துணைநூலில் கிளம்பிய விவகாரம் இது. நிலத் தகராறுகூட இதற்குள் முடிந்திருக்கும்.

என்னைக் கேட்டால் கிளாஸ் வேண்டும். ஆனால் அவர்கள் கொடுத்தது அல்ல. சக்திக்குப் புள்ளிக் கணக்கு வைத்தார்கள், சரி. செலவான புள்ளி ஓய்வெடுத்தால் திரும்பிவிடும் என்றார்களே, அங்கேதான் கோட்டை விட்டார்கள். தூங்கி எழுந்தால் தவம் கைகூடும் என்றால் எங்கள் தெருவில் பாதிப் பேர் சித்தர். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்கு அலகுக் காவடி தூக்குகிறவரைக் கேளுங்கள், விரதம் இருந்த நாட்களைத்தான் முதலில் சொல்வார். விலை தெரியாத சக்தி, மந்திரவாதிக்கு மாற்றிப்போட்ட சட்டைதான்.

இப்போது தங்கை மகள் விளையாடுகிறாள். பழைய கடைவீட்டைப் புதுப்பித்த கஃபே, ஏசி, கண்ணாடி மாதிரிப் பகடை, கணக்குப் பார்க்க கைப்பேசி. ஆட்டத்துக்கு முன் யாருக்கு எது பயம், எது பிடிக்காது என்று கூடிப் பேசுகிறார்கள். எங்கள் காலத்தில் பயம் தெரிந்தால் அதைத்தான் முதலில் அனுப்புவோம். அவள் கூட்டமே சித்தர் கிளாஸ் ஒன்றை எழுதியிருக்கிறது: புள்ளி விரதத்தால் மட்டுமே சேரும், விரதம் கெட்டால் குறையும். நான் போன அன்று அவளுடைய சித்தர் விடுதியில் சோறு கேட்டுவிட்டார். அது எந்த யுகத்து விடுதியோ, குழம்புச் சோறான நாசி கண்டார் மட்டும் கிடைத்தது.

ஆட்டத்தை நடத்திய சீனப் பெண் கணக்குப் போட்டாள்: “குழம்பு வெள்ளமா ஊத்துற பாஞ்சிர்னா நாலு புள்ளி போச்சு. தனியா வச்சா ரெண்டு.”

“பெண்டிக்காய் மட்டும் எடுத்தா?”

“மீன் குழம்புல வெந்த பெண்டிக்காயா?”

தங்கை மகள் என் பக்கம் திரும்பினாள். “மாமா, நீங்க சொல்லுங்கலா. குழம்பை வழிச்சிட்டா சைவம்தானே?”

நான் இல்லை என்றேன். எதிரே இருந்த பையன் ஆமாம் என்றான். இதிலேயே அரை மணி நேரம் போயிற்று. குகைக்குள் காத்திருந்த பூதம் அன்றைக்குப் பிழைத்தது.