நாக்கின் வெப்பநிலை: பருவகாலப் பத்தியம் குறித்து ஓர் ஆய்வு

தமிழ்நாட்டில் வெப்பத்தை அளக்க இரண்டு முறைகள் உண்டு. ஒன்று வானிலை ஆய்வு மையத்தினுடையது, மற்றது சமையலறையினுடையது. முதல் முறைப்படி சென்னையின் உச்சம் 45 டிகிரி செல்சியஸ். 2003 மே 31 அன்று பதிவானது. மே 4 வாக்கில் தொடங்கி 28, 29 வாக்கில் விடைபெறும் அக்னி நட்சத்திரம் அதற்குள் கடையைக் கட்டிவிட்டிருந்தது. பஞ்சாங்கத்துக்கும் பாதரசத்துக்கும் உள்ள இந்த மனத்தாங்கல் நமக்கு வேண்டாம். நம் கவனம் இரண்டாம் முறை மீது. அதில் டிகிரி கிடையாது. கண் எரிச்சல், வாய்ப்புண், நீர்க்கடுப்பு, முதுகில் கை எட்டாத இடத்தில் ஒரு சூட்டுக்கட்டி: இவையே அளவைக் கருவிகள். கருவி ஒன்று காட்டிவிட்டால் போதும், "நேத்து என்னத்தத் தின்னே?" என்ற விசாரணை தொடங்கிவிடும். விசாரணையின் முடிவில் ஏதாவது ஒரு பண்டம் 'சூடு' என்று தீர்ப்பாகும். அது அடுப்பிலிருந்து வந்ததா, ஐஸ்பெட்டியிலிருந்து வந்ததா என்பது வழக்குக்குச் சம்பந்தமில்லாதது. அப்படியானால் ஒரு பண்டத்தின் சூட்டையும் குளிர்ச்சியையும் தீர்மானிப்பது எது? இக்கட்டுரையின் கருதுகோள் சுருக்கமானது: ருசி. எந்தப் பருவத்தில் எதை நாக்கு அதிகம் கேட்கிறதோ, அதுவே அந்தப் பருவத்துக்கு ஆகாதது.

முதலில் கோடைச் சான்றுகள். மாம்பழம் சூடு. பலாப்பழம் சூடு. கோழி, முட்டை, எள்ளுருண்டை, ஆவக்காய் ஊறுகாய் எல்லாமே சூடு. குளிர்ச்சி எவை? சுரைக்காய், புடலங்காய், வெண்பூசணிச் சாறு, வெறும் வயிற்றில் விழுங்க வேண்டிய ஊறவைத்த வெந்தயம். இரண்டு பட்டியலையும் ஏழு வயதுப் பிள்ளையிடம் நீட்டி, என்ன வித்தியாசம் என்று கேட்டால், வாதம் பித்தம் கபம் எதுவும் தெரியாமலே சரியான விடையைச் சொல்லிவிடும். இனி ஐப்பசி பிறக்கட்டும். சென்னைக்கு ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். அந்த மழையோடு பட்டியலும் புரளும். இப்போது தயிர், திராட்சை, வாழைப்பழம், கரும்புச் சாறு, ஐஸ்கிரீம் எல்லாம் 'குளிர்ச்சி, சளி பிடிக்கும்'. அவற்றின் இடத்தில் வந்து உட்காருபவை கண்டந்திப்பிலி ரசம், தூதுவளைத் துவையல், மூக்கைப் பொத்திக்கொண்டு குடிக்கும் சுக்குக் கஷாயம். காரணம் தலைகீழாகிவிட்டது; ஆனால் பறிபோவது நல்ல பண்டம், வந்து சேர்வது கஷாயம் என்ற ஏற்பாட்டில் இம்மியும் மாற்றமில்லை. வெயிலுக்கும் மழைக்கும் பொதுவாக நிற்பது ருசி ஒன்றுதான் என்னும்போது, ஆய்வாளர் வேறு எங்கே போய்க் காரணம் தேடுவது?

வேதியியலுக்கு எட்டாத இரண்டு புதிர்களையும் இக்கருதுகோள் அவிழ்க்கிறது. கோடையில் கெட்டித் தயிர் சூடு. அதிலேயே மூன்று மடங்கு தண்ணீர் விட்டுக் கடைந்தால் குளிர்ச்சி. எள் சூடு, அதே எள்ளைச் செக்கில் ஆட்டி எடுத்த நல்லெண்ணெய் சனிக்கிழமை உச்சந்தலையில் வைத்தால் குளிர்ச்சி. நம் அளவுகோலை வைத்துப் பார்த்தால் இவை புதிரே அல்ல. நீர்த்த மோர் தயிரளவுக்கு ருசிக்காது. எள்ளுருண்டை வாய்க்குப் போகிறது, எண்ணெய் தலைக்குப் போகிறது, பின்னாலேயே சீயக்காய் கண்ணுக்குள் போகிறது. அவ்வளவு துன்பத்தோடு வரும் ஒன்று குளிர்ச்சியாக இல்லாமல் வேறு எப்படி இருக்கும்?

இங்கே ஒரு வலுவான எதிர்வாதம் எழும். இளநீரும் நுங்கும் ருசியானவைதானே, கோடையில் அவற்றுக்கு அனுமதி உண்டே என்பது அது. உண்மைதான். ஆனால் சித்திரையில் இளநீர் விற்கிற விலையைக் கேட்டவர், தடை போடும் வேலையை இளநீர்க்காரரே ஏற்றுக்கொண்டுவிட்டதை அறிவார். ஒரே பண்டத்துக்கு இரண்டு காவல் எதற்கு? தவிர, விலை இறங்கும் மழைக்காலத்தில் அதே இளநீர் சளிப் பட்டியலில் சேர்ந்துவிடுவதைக் கவனிக்க. இன்னொரு எதிர்வாதம் கொள்ளு பற்றியது. கொள்ளும் சூடுதான், அதற்காகக் கோடையில் அதை விட்டுப் பிரிந்து ஏங்குவோர் அரிது. ஆனால் அது கார்த்திகையில் ரசமாகத் திரும்பி வந்து, மறுக்க முடியாத மருந்தாகிவிடுகிறது. விதி கொஞ்சம் தாமதமாக வேலை செய்திருக்கிறது, அவ்வளவுதான். மாம்பழத்துக்குப் பரிகாரம் உண்டே என்பாரும் உளர்: ஒரு மணி நேரம் தண்ணீரில் போட்டு வைத்தால் சூடு இறங்கிவிடும். பழத்தோலைத் தாண்டி வெளியேறும் அந்தச் சூடு வாளித் தண்ணீரை எத்தனை டிகிரி ஏற்றுகிறது என்று யாராவது அளந்து பார்க்கலாம். நம் வாதத்துக்கு அந்த ஒரு மணி நேரமே போதும். வாளியைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் முகத்தில் தண்டனை நிறைவேறிக்கொண்டிருக்கும்.

இதெல்லாம் தமிழ்ப் பாட்டிகளின் தனிச்சொத்து என்று ஒதுக்கவும் வழியில்லை. பூமத்திய ரேகையிலிருந்து ஒரு டிகிரி சொச்சம் தள்ளியிருக்கும் சிங்கப்பூரில் கோடை, குளிர் என்ற பேச்சே கிடையாது. அங்குள்ள சீன வீடுகளிலும் பண்டங்கள் சூடு, குளிர்ச்சி என்று பிரிந்தே கிடக்கின்றன. எது சூடு? உயிரைக் கொடுத்துத் தின்னும் துரியன். தணிக்க எது? வாய் கோணும் கசப்பு மூலிகைத் தேநீர். பருவமே இல்லாத ஊரிலும் பத்தியம் செழிக்கிறதென்றால், பத்தியத்துக்குப் பருவம் ஒரு சாக்கு மட்டுமே என்பது பெறப்படும். துரியனோடு சேர்த்துத் தின்னும் மங்குஸ்தான் குளிர்ச்சி, அது ருசியானதும்கூட என்பது கொஞ்சம் இடிக்கிறது. அதை மாம்பழ வாளியின் கணக்கில் எழுதிக்கொள்ளலாம்.

கற்றறிந்த வைத்தியர்கள் எழுப்பும் மறுப்புக்குத் தனி மரியாதை தர வேண்டும். ஆயுர்வேதம் ஆறு சுவைகளில் புளிப்பு, உப்பு, காரம் ஆகியவற்றை உஷ்ணம் என்றும், இனிப்பு, கசப்பு, துவர்ப்பு ஆகியவற்றைச் சீதம் என்றும் பகுக்கிறது. சுவைக்கும் சூட்டுக்கும் உறவு உண்டென்று சாஸ்திரமே ஒப்புக்கொண்டபின், இக்கட்டுரை செய்வது பொழிப்புரை மட்டுமே. ஆனால் சமையலறை அந்தச் சாஸ்திரத்தை எப்படிப் பதிப்பித்திருக்கிறது என்று பாருங்கள்: கசப்பையும் துவர்ப்பையும் குளிர்ச்சிக் கணக்கில் அப்படியே வைத்துக்கொண்டு, இனிப்பை மட்டும் சத்தமில்லாமல் நீக்கிவிட்டது. தீபாவளி லேகியம் இனிக்கிறதே என்றால், அதனால்தான் அதைச் சுண்டைக்காய் அளவுக்கு மேல் தருவதில்லை.

கடைசியாகக் காபி. எந்த அளவுகோலில் பார்த்தாலும் காபி சூடு; பித்தம் என்றும் சொல்வார்கள்; ருசியைப் பற்றி விவாதமே இல்லை. நம் கருதுகோள்படி அது பன்னிரண்டு மாதமும் தடைசெய்யப்பட்டிருக்க வேண்டும். ஆனால் கத்திரி வெயில் கொளுத்தும் காலை பதினோரு மணிக்கு, மாம்பழத்தை வாளியில் போட்டுவிட்டு, வெந்தயத்தை ஊறவைத்துவிட்டு, தயிரில் தண்ணீர் விட்டுவிட்டு வரும் அதே கை, டபராவிலிருந்து டம்ளருக்கும் டம்ளரிலிருந்து டபராவுக்கும் காபியை ஆற்றுகிறது. கேட்டால், ஆற்றிக் குடித்தால் சூடு இல்லையாம். இந்த ஒரு விலக்கை விளக்க, பண்டத்தை விட்டுவிட்டுப் பட்டியல் போடுகிறவரை ஆராய வேண்டியிருக்கும். அந்த ஆய்வை அவரே சமைத்துப் போடும் வீட்டில் இருந்துகொண்டு செய்ய முன்வருவோர் யாருமில்லை.